இருக்கை முதலில், பாயின்ட் அப்புறம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். கிரெடிட் கார்டில் 1,20,000 பாயின்ட் சேர்ந்திருக்கிறது. இரண்டு பாயின்ட் கொடுத்தால் ஒரு மைல் என்ற கணக்கில் வங்கி விமான நிறுவனத்துக்கு மாற்றித் தருகிறது. மைல் என்றால் விமான நிறுவனத்தின் சொந்தப் பாயின்ட்; அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு மாற்றினால் 30 சதவீதம் கூடுதல் மைல் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. கடைசித் தேதிக்கு இன்னும் எட்டு நாள். அடுத்த ஆண்டு கணவன் மனைவி இருவரும் நீண்ட பயணம் ஒன்று போக எண்ணம், அதுவும் பிசினஸ் கிளாஸில். இப்போதே மாற்றிவிடலாமா?

இன்றைக்கு மாற்றாதீர்கள். எட்டு நாளில் ஏழு நாளை இருக்கை தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இருக்கை கண்ணில் பட்டால் மட்டும், அந்த இருக்கைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் மாற்றுங்கள். பல ஆண்டுகளாக வீட்டுக்கும் நண்பர்களுக்கும் நான்தான் இந்த வேலையைப் பார்த்துத் தருகிறேன். பெரும்பாலானவர்கள் மாற்றி முடித்த பிறகுதான் வந்து கேட்கிறார்கள், அப்போது நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நீங்கள் முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பாயின்ட் வங்கியில் இருக்கும்வரை உங்களுக்குப் பல வழிகள் திறந்திருக்கின்றன. ஏழெட்டு விமான நிறுவனங்கள், சில ஹோட்டல்கள், எதுவும் பிடிக்கவில்லை என்றால் கார்டு பில்லிலேயே கழித்துக்கொள்ளும் வசதி. மாற்றிய அந்த நொடியில் மற்ற எல்லாக் கதவும் மூடிவிடும். போன மைல் வங்கிக்குத் திரும்பவே திரும்பாது. தவறுதலாக மாற்றிவிட்டேன் என்று வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கெஞ்சினாலும் நடக்காது. டிக்கெட் போட்டு ரத்து செய்தாலும் மைல் போய்ச் சேருவது விமான நிறுவனக் கணக்குக்குத்தான், கார்டுக்கு அல்ல. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: மைலில் டிக்கெட் போட்டு, அந்த மைலின் காலாவதி நாள் தாண்டிய பிறகு ரத்து செய்தால், அது திரும்பாமலே போகலாம்.

மைலின் ஆயுளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. டெல்டாவிலும் யுனைடெட்டிலும் மைல் காலாவதி ஆவதில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் போய்விடும்; பிரிட்டிஷ் ஏர்வேஸின் மைலான ஏவியோஸுக்கு அதே கணக்கு 36 மாதம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் நீங்கள் அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் மைல் வந்து மூன்று ஆண்டில் முடிந்துவிடும். வங்கிப் பாயின்ட்டுக்கோ, பல கார்டுகளில், கார்டு உயிரோடு இருக்கும்வரை காலக்கெடுவே இல்லை. அப்படிக் காலக்கெடு இல்லாத ஒன்றை, அவசரம் எதுவும் இல்லாதபோது, காலக்கெடு உள்ள ஒன்றாக ஏன் மாற்ற வேண்டும்?

காலாவதியைவிடப் பெரிய ஆபத்து விலையேற்றம். மைல் என்பது விமான நிறுவனம் தானே அச்சிட்டு, தானே விலை வைக்கும் நாணயம். இதன் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏஅட்வான்டேஜ் என்ற மைல் திட்டத்தைத் தொடங்கியது. சில நாளிலேயே யுனைடெட்டும் இறங்கியது. அப்போது மைல் என்பது அடிக்கடி பறப்பவருக்குக் கிடைத்த பரிசு. 1987-இல் சிட்டி வங்கியும் அமெரிக்கனும் சேர்ந்து ஒரு கார்டு வெளியிட்டன. அங்கிருந்து கதை மாறியது. வங்கி விமான நிறுவனத்திடம் மொத்தமாக மைல் வாங்குகிறது, அதை நமக்குப் பரிசாகக் கொடுக்கிறது. நீங்கள் "மாற்று" என்ற பொத்தானை அழுத்தும்போது உண்மையில் நடப்பது ஒரு விற்பனை: உங்கள் பேரில் வங்கி மைலை வாங்குகிறது, விமான நிறுவனத்துக்குப் பணம் போகிறது. இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பது 2020-இல் தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்ற அந்த ஆண்டில் டெல்டா தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தை அடமானம் வைத்து 900 கோடி டாலர் கடன் திரட்டியது. யுனைடெட்டும் தன் மைலேஜ்பிளஸை வைத்து அதே வழியில் திரட்டியது.

அச்சிடுவது அதிகமானால் மதிப்பு இறங்கும். முன்பெல்லாம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். டெல்டா 2015-இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. ஏர் பிரான்ஸ்-கேஎல்எம்மின் ஃப்ளையிங் புளூ 2018-இலும் யுனைடெட் 2019-இலும் அதே பாதையில் போயின. இப்போது அந்தத் திட்டங்களில் மைல் விலை பண டிக்கெட் விலையைப் போல நாளுக்கு நாள் ஏறி இறங்கும். பட்டியல் இன்னும் இருக்கும் இடங்களிலும் அதை எப்போது திருத்துவார்கள் என்பது அவர்கள் கையில்.

நிறுவனமே போய்விடும் அபாயமும் உண்டு. 2017 ஆகஸ்டில் ஏர் பெர்லின் திவாலானபோது அதன் டாப்போனஸ் திட்டமும் திவால் மனு போட்டது. மைல் வைத்திருந்தவர்களால் அதைச் செலவழிக்க முடியவில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசி விமானத்தை இயக்கியது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது, ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. அப்போது பாயின்ட்டை வங்கியிலேயே வைத்திருந்தவர்களால் வேறு நிறுவனத்துக்குத் திரும்ப முடிந்தது.

என் அனுபவமும் ஒன்று இருக்கிறது. இதேபோல ஒரு போனஸ் சலுகை வந்தபோது, எந்தப் பயணமும் கையில் இல்லாமலே 80,000 பாயின்ட்டை மாற்றினேன். சலுகை முடிகிறது என்ற பதற்றம், வேறொன்றுமில்லை. ஐந்து மாதம் கழித்து அம்மாவை அழைத்துப் போக இருக்கை தேடினால், நான் மனதில் வைத்திருந்த வழித்தடத்தின் மைல் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தது. போனஸாகக் கிடைத்ததும் போய், அதற்கு மேலும் போனது. அதே நாளில், அதே தேதிக்கு, வேறொரு திட்டத்தில் பழைய விலையிலேயே இரண்டு இருக்கை இருந்தது. பாயின்ட் வங்கியில் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. அம்மா எகானமியில் வந்தார். அவருக்கு முழங்கால் வலி. அந்தப் பயணத்துக்குப் பிறகு இருக்கையைப் பார்க்காமல் ஒரு பாயின்ட்டைக்கூட நான் நகர்த்தியதில்லை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். மாற்றுவது லாபமா என்று பார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும். பணம் கொடுத்து வாங்கினால் டிக்கெட் 60,000 என்று வையுங்கள். எந்த நாணயமாக இருந்தாலும் சரி. அதே டிக்கெட்டுக்கு 25,000 மைலும், வரி கட்டணமாக 10,000-மும் கேட்கிறார்கள். 60,000-இல் 10,000 போக மிச்சம் 50,000. அதை 25,000-ஆல் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு 2. உங்கள் கார்டில் இரண்டு பாயின்ட்டுக்கு ஒரு மைல், ஆக ஒரு பாயின்ட் 1 பெறும். அதே பாயின்ட்டைக் கார்டு பில்லில் கழித்தால் 0.50 கிடைக்கிறது என்றால் மாற்றுவது இரட்டிப்பு லாபம். 0.90 கிடைக்கிறது என்றால் இவ்வளவு சிரமப்படுவதில் பெரிய பொருளில்லை; பணமாகவே எடுத்துக்கொண்டு பிடித்த நாளில் டிக்கெட் வாங்கலாம்.

இதில் இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஒன்று, வரி கட்டணத்தைக் கழிக்க மறப்பது. மைல் டிக்கெட் என்றால் இலவசம் என்று நினைத்துவிடுகிறோம். விமான நிலைய வரி எப்படியும் உண்டு. அதற்கு மேல் எரிபொருள் சர்சார்ஜ் என்ற பெயரில் விமான நிறுவனமே தனக்காக ஒரு தொகை வாங்கும்; நீண்ட தூர பிசினஸ் கிளாஸில் சில நிறுவனங்கள் வாங்கும் தொகை, எகானமி டிக்கெட்டையே பணம் கொடுத்து வாங்கிவிடலாம் போல இருக்கும். இரண்டாவது, பிசினஸ் கிளாஸின் பட்டியல் விலையை வைத்து வகுப்பது. டிக்கெட் 3,00,000, மைல் 80,000, ஆகவே ஒரு மைல் கிட்டத்தட்ட 4 பெறுகிறது என்று மகிழ்வோம். அந்த 3,00,000-ஐக் கையிலிருந்து கொடுத்திருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், அந்தப் பயணத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ அந்தத் தொகையை வைத்து வகுங்கள். வரும் எண் சிறியதாக இருக்கும், ஆனால் உங்கள் உண்மையான எண் அதுதான்.

மாற்று விகிதத்தைத் தனியாகப் பார்ப்பதும் தவறு. ஒரு கார்டு 1-க்கு 1 என்று மாற்றித் தருகிறது, இன்னொன்று 4-க்கு 1 என்கிறது. முதலாவது சிறந்தது என்று தோன்றும். செலவு செய்யும்போது முதலாவது 1 பாயின்ட் தந்து, இரண்டாவது அதே செலவுக்கு 4 பாயின்ட் தருகிறது என்றால் இரண்டும் ஒன்றே. எவ்வளவு செலவுக்கு எத்தனை மைல் என்று முழுதாகப் போட்டுப் பாருங்கள். ஹோட்டல் திட்டம் வழியாகச் சுற்றி வருவதற்கும் இதே கணக்குத்தான்: மேரியட் பான்வாயில் 60,000 பாயின்ட் கொடுத்தால் பெரும்பாலான விமான நிறுவனங்களில் 25,000 மைல் கிடைக்கும். நேர்வழி இல்லாத நிறுவனத்துக்குப் போக அது உதவும், மற்றபடி ஹோட்டல் பாயின்ட்டை ஹோட்டலிலேயே செலவழிப்பது நல்லது.

இனி எந்த நிறுவனத்துக்கு மாற்றுவது என்பது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும், மக்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் பகுதியும் இதுதான். எந்த விமானத்தில் ஏறப் போகிறீர்களோ அந்த நிறுவனத்தின் மைல்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விமான நிறுவனங்கள் கூட்டணி வைத்திருக்கின்றன. ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணி 1997-இல் ஐந்து நிறுவனங்களோடு தொடங்கியது. ஒன்வேர்ல்ட் 1999-இல், ஸ்கைடீம் 2000-இல். ஒரு கூட்டணிக்குள் இருப்பவர்கள் தங்கள் இருக்கைகளில் சிலவற்றை மற்றவர்களின் மைலுக்கும் திறந்து வைக்கிறார்கள். ஆகவே ஒரே விமானத்தின் ஒரே இருக்கைக்கு நாலைந்து கடைகளில் நாலைந்து விலை. லுஃப்தான்சா விமானம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மைல்ஸ் அண்ட் மோரில் போட்டால் சர்சார்ஜ் சேர்ந்து வரும். ஏர் கனடாவின் ஏரோபிளானிலோ யுனைடெட்டிலோ அதே இருக்கையைப் போட்டால் சர்சார்ஜ் கிடையாது. ஏரோபிளானில் கூடுதலாக 5,000 பாயின்ட் கொடுத்தால் ஒருவழிப் பயணத்திலேயே நடுவில் ஓர் ஊரில் சில நாள் தங்கிப் போகலாம். ஒருவழிக்கு இப்படித் தங்கல் தரும் திட்டங்கள் குறைவு.

கூட்டணிக்கு வெளியேயும் உறவுகள் உண்டு. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை, ஆனால் குவான்டாஸ் பாயின்ட்டிலும் ஏரோபிளான் பாயின்ட்டிலும் எமிரேட்ஸ் இருக்கை எடுக்கலாம். எதிஹாட் விமானத்தை அமெரிக்கனின் மைலில் போடலாம். ஜப்பானின் ஏஎன்ஏ ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது, ஆனால் அந்தக் கூட்டணியில் இல்லாத வர்ஜின் அட்லான்டிக்கின் பாயின்ட்டுக்கும் இருக்கை தருகிறது. ஏவியோஸ் இன்னொரு விதம்: பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் எல்லாம் அதே நாணயத்தை வைத்திருப்பதால், கணக்குகளை இணைத்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று என்று நகர்த்திக்கொள்ளலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸில் கூட்டாளி விமானங்களுக்கு விலை தூரத்தைப் பொறுத்தது, ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக. அதனால் இடையில் மாறாத குறுகிய பயணங்களுக்கு அது நன்றாக அமையும். மூன்று விமானம் மாறிப் போகிறவருக்கு மூன்று முறை விலை ஏறும்.

கூட்டணி என்பதற்காக எல்லா இருக்கையும் கிடைத்துவிடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நீண்ட தூர முதல் வகுப்பையும் பிசினஸ் கிளாஸையும் பெரும்பாலும் தன் கிரிஸ்ஃப்ளையர் உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்கிறது. அந்த இருக்கைதான் வேண்டும் என்றால் கிரிஸ்ஃப்ளையருக்குத்தான் போக வேண்டும். அங்கே காத்திருப்புப் பட்டியல் வசதியும் உண்டு, பொறுமை இருப்பவர்களுக்கு அது பலமுறை பலித்திருக்கிறது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: உங்கள் மைலில் மனைவிக்கு டிக்கெட் போடலாமா? பெரும்பாலான திட்டங்களில் யாருக்கும் போடலாம். சில இடங்களில் கட்டுப்பாடு உண்டு. ஏஎன்ஏவில் நெருங்கிய குடும்ப உறவினர்களுக்குத்தான். மனைவிக்குப் பிரச்சினை இல்லை, நண்பருக்கு முடியாது. கிரிஸ்ஃப்ளையரில் யாருக்குப் போடப் போகிறீர்களோ அவர்களை முன்கூட்டியே பெயர் கொடுத்துச் சேர்க்க வேண்டும், அதிகபட்சம் ஐந்து பேர். இருவர் பாயின்ட்டையும் ஒன்றாகச் சேர்க்கும் குடும்பக் கணக்கு வசதி ஏரோபிளான், பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்றவற்றில் இருக்கிறது. உங்கள் மனைவிக்குத் தனிக் கார்டு இருந்தால் இது கைகொடுக்கும்.

இருக்கை தேடுவது எப்படி? முதலில் நீங்கள் யோசிக்கும் திட்டங்களில் எல்லாம் இலவசக் கணக்கு தொடங்குங்கள். கணக்கில் ஒரு மைல்கூட இல்லாமலே தேட விடும் தளங்கள் பல. ஸ்டார் அலையன்ஸுக்கு யுனைடெட், ஏர் கனடா தளங்கள். ஒன்வேர்ல்டுக்கு அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவான்டாஸ். ஸ்கைடீமுக்கு ஃப்ளையிங் புளூ. சீட்ஸ்.ஏரோ போன்ற தேடுதளங்கள் ஒரே திரையில் பல திட்டங்களைக் காட்டும், ஆனால் அவை காட்டுவது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரமாக இருக்கலாம். அங்கே பார்த்ததை நிறுவனத்தின் தளத்தில் போய் உறுதி செய்யாமல் எதையும் நம்பாதீர்கள்.

இருக்கைகள் திறக்கும் நேரமும் முக்கியம். நிறுவனத்தைப் பொறுத்து 330 முதல் 360 நாள் முன்னதாகத் திறப்பார்கள்; பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, விற்காமல் மிஞ்சியதை மீண்டும் திறப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் வறட்சிதான். இருவருக்கு ஒரே விமானத்தில் பிசினஸ் கிளாஸ் வேண்டும் என்றால் திறக்கும் நாளிலேயே பார்ப்பது நல்லது. தேதியில் நாலைந்து நாள் முன்பின் நகர முடிகிறவர்களுக்கு இந்த விளையாட்டு பல மடங்கு எளிது. விடுமுறைக் கூட்ட நாளில், இந்தத் தேதிதான், இந்த விமானம்தான் என்று பிடிவாதமாக இருந்தால், பணம் கொடுத்து வாங்குவதே பெரும்பாலும் வழி.

திரையில் தெரியும் இருக்கை எல்லாம் உண்மையான இருக்கை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாளி விமானங்களில் இது அடிக்கடி நடக்கும்: தளம் இருக்கை இருக்கிறது என்று காட்டும், டிக்கெட் போடும்போது பிழை வரும். பேய் இருக்கை என்றுதான் சொல்ல வேண்டும். இதற்கு என் வழக்கம், ஒரே இருக்கையை இரண்டு தளத்தில் பார்ப்பது. ஏரோபிளானில் தெரியும் ஸ்டார் அலையன்ஸ் இருக்கை யுனைடெட்டிலும் தெரிந்தால் பெரும்பாலும் உண்மை. அதற்கப்புறம், தேர்ந்தெடுத்து, பயணிகள் பெயர் கொடுத்து, "உங்களிடம் போதிய மைல் இல்லை" என்று தளம் சொல்லும் இடம்வரை போய்ப் பார்ப்பேன். அந்த வாசகம் வந்தால் எனக்கு நிம்மதி: குறை மைலில்தான், இருக்கையில் இல்லை. இன்னும் சந்தேகம் இருந்தால் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து வகுப்பு எழுத்தைச் சொல்லிக் கேட்பேன். ஸ்டார் அலையன்ஸில் மைலுக்கான எகானமி எக்ஸ், பிசினஸ் ஐ, முதல் வகுப்பு ஓ. "ஐ வகுப்பில் இரண்டு இருக்கிறதா?" என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் உடனே பார்த்துச் சொல்லிவிடுவார். சில திட்டங்கள் தொலைபேசியில் ஓரிரு நாள் இருக்கையைப் பிடித்தும் வைத்துக்கொடுக்கும். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

இந்தப் பிடித்து வைக்கும் வசதி எப்போது உயிரைக் காக்கும் என்றால், மைல் வந்து சேர நாளாகும்போது. சில மாற்றங்கள் நீங்கள் பக்கத்தைப் புதுப்பிப்பதற்குள் வந்துவிடும். சில இரண்டு மூன்று நாள் எடுக்கும், சில ஒரு வாரத்துக்கு மேலும் போகும். வங்கியும் விமான நிறுவனமும் சேர்ந்த இணையைப் பொறுத்தது இது. ஒரே நிறுவனத்துக்கு ஒரு வங்கியிலிருந்து உடனேயும் இன்னொரு வங்கியிலிருந்து மூன்று நாளிலும் போகும். உங்கள் வங்கிக்கு எவ்வளவு ஆகும் என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இருக்கையைப் பார்த்த பிறகு அதைத் தேடிக்கொண்டிருந்தால் இருக்கை போய்விடும்.

பெயர் விஷயம் சிறியது, ஆனால் நிறையப் பேரை அழவைத்திருக்கிறது. கார்டில் இருக்கும் பெயரும் விமான நிறுவனக் கணக்கில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். நமக்கு கார்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியது, விமானக் கணக்கில் அவசரத்தில் ஏதோ ஒன்று என்று மூன்று விதமாக இருக்கும். என் நண்பர் ஒருவருக்கு இதனால் மாற்றம் ஒன்பது நாள் அந்தரத்தில் நின்றது; கார்டிலிருந்து கழிந்துவிட்டது, விமானக் கணக்கில் ஏறவில்லை. கடைசியில் வந்தது, இருக்கை அதற்குள் போய்விட்டது. அதனால் விமானக் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே தொடங்குங்கள். பிறகு வங்கி அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவை, 1,000 என்றால் அந்த 1,000-ஐ மட்டும், சோதனையாக ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். இருக்கை பார்க்காமல் மாற்றாதே என்று சொன்ன நானே இதற்கு மட்டும் விதிவிலக்குத் தருகிறேன். அந்த 1,000 ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பெயர் சரி, இணைப்பு சரி, எத்தனை நாள் ஆகிறது என்பதும் தெரிந்துவிடும். கூடவே, மாற்றுக் கட்டணம் உண்டா, ஆண்டுக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்ற வரம்பு உண்டா என்பதையும் வங்கியின் விதிமுறைப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

இருக்கை இல்லாமலே மாற்றியாக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. கார்டை மூடப் போகிறீர்கள், மூடினால் பாயின்ட் செத்துவிடும். வங்கிப் பாயின்ட்டுக்கே காலாவதி நெருங்குகிறது. அடுத்த மாதம் முதல் விகிதத்தைக் குறைக்கிறோம் என்று வங்கி அறிவித்துவிட்டது. இவற்றில் எதுவுமே உங்கள் கேள்வியில் இல்லை. போனஸ் சலுகை மட்டுமே இருக்கிறது, போனஸ் சலுகைகள் திரும்பத் திரும்ப வருபவை.

இப்போது உங்கள் எண்களையே போட்டுப் பார்க்கலாம். 1,20,000 பாயின்ட்டை மாற்றினால் 60,000 மைல், 30 சதவீதம் 18,000, மொத்தம் 78,000. நீங்கள் போக நினைக்கும் பயணத்துக்கு ஒருவருக்கு ஒருவழி 45,000 மைல் என்று உதாரணமாக வைப்போம். இருவருக்கு ஒருவழிக்கே 90,000 வேண்டும். போனஸோடு சேர்த்தும் 12,000 குறைகிறது. பாயின்ட் கணக்கில் சொன்னால், 90,000 மைல் வர 1,39,000 பாயின்ட் வேண்டும், உங்களிடம் 19,000 குறைவு. இப்போதே மாற்றிவிட்டால் 78,000 மைல் அந்தக் கணக்கில் தனியாக நிற்கும், மீதிக்காக நீங்கள் மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள், அதற்குள் 45,000 என்பது 55,000 ஆகலாம். மின்னஞ்சலில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 30 சதவீதம் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

அதனால் அடுத்த எட்டு நாளில் இப்படிச் செய்யுங்கள். இன்று மாலையே அந்த போனஸ் நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி, 1,000 பாயின்ட்டைச் சோதனையாக அனுப்புங்கள். நாளையிலிருந்து உங்கள் வழித்தடத்தை அந்தத் திட்டத்தில் தேடுங்கள்; கூடவே உங்கள் வங்கிப் பட்டியலில் இருக்கும் மற்றத் திட்டங்களிலும் அதே விமானத்தின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள், மைல் ஒரு பக்கம், வரி கட்டணம் இன்னொரு பக்கம். போனஸ் இல்லாத ஒரு திட்டத்தில் அதே இருக்கை ஒருவருக்கு 28,000 என்று கிடைத்தால், 30 சதவீதத்தை மறந்துவிட்டு அங்கே போவதுதான் புத்திசாலித்தனம். இருவருக்கும் 56,000 மைல், 1,12,000 பாயின்ட், கையில் மீதி கொஞ்சம் இருக்கும். போனஸ் திட்டத்திலேயே நல்ல இருக்கை கிடைத்து, சில ஆயிரம் மைல்தான் குறைகிறது என்றால், அந்தக் குறையை மட்டும் நிறுவனத்திடம் பணம் கொடுத்து வாங்கலாம். அதிகமாகக் குறைந்தால் ஒருவர் மைலில், இன்னொருவர் பணத்தில் என்று ஒரே விமானத்தில் போவதையும் யோசியுங்கள். திரும்பும் பயணத்தைத் தனியாக, வேறு திட்டத்தில்கூடப் பார்க்கலாம். எட்டாம் நாள் இரவுவரை எதுவும் அமையவில்லை என்றால் பாயின்ட்டை வங்கியிலேயே விடுங்கள். அந்த 1,000 போனால் போகட்டும்.

அமைந்துவிட்டது, மாற்றினீர்கள், டிக்கெட் போட்டுவிட்டீர்கள் என்று வைப்போம். அதோடு விட்டுவிடாதீர்கள். கூட்டாளி விமானத்தில் போட்டிருந்தால், டிக்கெட் போட்ட திட்டம் தரும் ஆறு எழுத்து முன்பதிவு எண் ஒன்று, விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் ஆறு எழுத்து எண் வேறொன்றாக இருக்கலாம். இரண்டாவதையும் கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்தின் தளத்தில் போய்த் திறந்து பாருங்கள். அங்கே இருவர் பெயருக்கும் எதிரே 13 இலக்க டிக்கெட் எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பதிவு எண் மட்டும் இருந்து 13 இலக்க எண் வரவில்லை என்றால் டிக்கெட் இன்னும் வெளியாகவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் வரவில்லை என்றால் டிக்கெட் போட்ட திட்டத்தை அழையுங்கள். விமானத்தை இயக்கும் நிறுவனத்தை அழைத்தால் எங்களால் எதுவும் செய்ய முடியாது என்றுதான் சொல்வார்கள்.